ஒல்லாந்தர் சட்டி

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், நூற்றைம்பது வருஷத்துக்குக் கிட்ட இந்தத் தீவின் கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். கண்டியை மட்டும் அவர்களால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. மலையேறி வந்து, மழையிலும் காய்ச்சலிலும் அடிபட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இப்போது அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் பெயரைச் சுமந்த ஒரு சட்டி கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் என் வீட்டுக் குசினிக்குள் புகுந்து, அடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. படையெடுத்தும் வரவில்லை. நானே காசு கொடுத்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

என் பெயர் சண்முகநாதன். மாநகர சபையில் முப்பத்து மூன்று வருஷம் கிளார்க்காக இருந்து, நாலு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். மனைவி யசோதா. ஒரே மகள் கிருஷாந்தி மெல்பேர்னில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் என்று யசோ புறப்பட்டுப் போய் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. "மூணே மாசம். கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பேரன் யுகேஷ் பிறந்தான், குப்புற விழுந்தான், நடந்தான், ஓடினான். மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். விசாவை நீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் இருந்தது. நியாயத்தோடு யார் சண்டை போடுவது?

நீரும் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். "மகள் வீட்டில் ஒரு நேரம் கை நனைக்கலாம், ஒரு மாசம் காலை நீட்டக் கூடாது" என்பது என் அப்பாவின் சட்டம். என் அக்காள் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடித்த கையோடு கிளம்பிவிடுவார். கடைசிவரை அப்படியே இருந்தார். அந்தச் சட்டம் சரியா பிழையா என்று நான் யோசித்ததில்லை. சட்டங்களை யோசிப்பதற்குச் சபை எனக்குச் சம்பளம் தரவுமில்லை.

தனியாக இருக்கிறவனுக்குப் பெரிய எதிரி தேங்காய். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உடைத்தால் இரண்டு பாதி. ஒரு பாதியில் பாதிதான் ஒரு ஆளுக்கு வேண்டும். மிச்சம் ஃபிரிட்ஜில் கிடந்து மூன்றாம் நாள் வழுவழுத்து, நாலாம் நாள் குப்பைக்குப் போகும். அரை றாத்தல் பாண் வாங்கினாலும் கடைசி நாலு துண்டு காகத்துக்குத்தான். கொஞ்ச நாள் சமைத்துப் பார்த்துவிட்டு, சந்தியில் சோற்றுப் பார்சல் வாங்கத் தொடங்கினேன். டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யசோ வீடியோவில் வருவாள். ஒரு நாள் போனை அடுப்புப் பக்கம் திருப்பினாள். நீல நிறத்தில் கனத்த ஒரு சட்டி, அதற்குக் கனத்த ஒரு மூடி.

"ஏங்க, இதப் பாருங்க. டச் ஓவன்னு பேரு. இரும்பு வார்த்துச் செஞ்சு, மேல பீங்கான் மாதிரிப் பூச்சுப் போட்டிருக்கு. அடுப்பச் சின்னதா வச்சு மூடிட்டுப் போனா, நான் புள்ளையக் குளிப்பாட்டித் தூங்க வச்சுட்டு வந்தாலும் அடிப்பிடிக்காது. இறைச்சி பஞ்சா வெந்திருக்கும். இந்தச் சட்டிய விட்டுட்டு எப்பிடி நான் அங்க வந்து அந்த நெளிஞ்ச அலுமினியத்துல சமைக்கிறது?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் சபையின் ஃபைல் கோவைகளோடு கிடந்தவனிடம் யாராவது ஒரு காரணத்தைச் சொன்னால், அதை எடுத்துக் கோவையில் போட்டுவிடத்தான் தெரியும். யசோ திரும்பி வராததற்குக் காரணம்: சட்டி. அப்படியே போட்டுக்கொண்டேன். மற்றக் காரணங்களோடு ஒப்பிட்டால் இது என் கைக்கு எட்டுகிற காரணமாகவும் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, "மே மாசம் வர்றேன். டிக்கெட் போட்டாச்சு, மூணு கிழமைக்கு" என்றாள்.

"மூணு கிழமைதானா? இருபத்தொரு நாளா?"

"வந்து பேசுவோம்" என்றாள்.

அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு மாதம் வாழ்ந்தேன். பேசுவதற்கு ஏதோ இருக்கிறது என்றால் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்றுதானே அர்த்தம்?

மறுநாளே கண்டிக்குப் பஸ் ஏறினேன். பெரிய கடைத்தொகுதியில் பிரெஞ்சுக்காரன் செய்த சட்டி ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதே ஊரில், கொழும்புத் தெருவில் ஒரு நெருக்கடியான பாத்திரக் கடை. பஸ்லினா என்கிற மடவளை ஊர்ப் பெண் அங்கே விற்பனைக்கு நின்றாள். நான் கையால் வடிவம் காட்டி விளக்கியதைப் பாதியிலேயே புரிந்துகொண்டு, குங்குமச் சிவப்பில் ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். மேசை அதிர்ந்தது.

"இது சைனா சாமான் ஐயா. பெரிய பேரு இல்ல, ஆனா வேல செய்யும். எங்கட உம்மாவும் இதுலதான் ஆக்கிற. ஆனா நான் சொல்ற மாதிரி வெச்சிக்கொள்ளணும். வெறுஞ் சட்டிய நெருப்புல வெக்க வாணாம். நெருப்ப எப்பவும் கொறச்சே வைங்க, இது அவசரக்காரங்களுக்கு இல்ல. சூட்டோட பச்சத் தண்ணி ஊத்தினா பூச்சு வெடிச்சிரும். கம்பி நாரு போட்டுத் தேய்க்க வாணாம். அதோட, கொஞ்சமா ஆக்க வாணாம். பாதிக்கு மேல இருக்கணும், இல்லாட்டி அடி புடிக்கும். வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேர்" என்றேன். வாக்காளர் பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

பஸ்ஸில் ஏழு கிலோ மடியை அழுத்தியது. கொண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "மாத்தயா, இது என்ன, மோட்டரா?" என்று சிங்களத்தில் கேட்டான். "நோனாவுக்கு" என்று மனைவியைச் சொன்னேன். அந்தச் சொல்லை வாயில் போட்டு எவ்வளவு நாளாகியிருந்தது!

வீட்டில் அதை நான் அடுப்பில் ஏற்றவில்லை. புதுப் பாத்திரம் வந்தால் முதலில் பால்தான் காய்ச்ச வேண்டும். அதுவும் வீட்டுக்காரி கையால் காய்ச்ச வேண்டும். எங்கள் வீட்டில் அது எழுதாத விதி. ஆகவே சட்டி சாப்பாட்டு மேசையில் என் எதிர்க் கதிரைக்கு நேரே உட்கார்ந்திருந்தது. ஏழு கிழமை நான் அதற்கு முன்னால் இருந்து பார்சல் பிரித்துச் சாப்பிட்டேன். மழை நாட்களில் சூடாக ஒரு குழம்புக்கு நாக்கு ஏங்கும். கை அதன் பிடிவரைக்கும் போய்த் திரும்பும். மூடியில் என் முகம் பெரிய கன்னமும் சின்னத் தலையுமாகத் தெரியும். கட்டியிருந்த சாரத்தின் நுனியால் தூசி துடைத்து வைப்பேன். சிலவேளை அதனிடம் பேசியும் இருக்கிறேன். ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை, அது குறுக்கே பேசவில்லை.

மே மாதம் யசோ வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வாடகை வானில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக் குசினிக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அட மனுசா!" என்றாள். மூடியைத் தூக்கினாள், திரும்ப வைத்தாள், அந்தச் சத்தத்தைக் கேட்டாள். விரலால் விளிம்பைத் தட்டினாள். "நீங்களா வாங்குனீங்க? யாரும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"நீ சொன்னதுதானே."

"நானா?" என்று யோசித்தாள். அவளுக்கு ஞாபகமே இல்லை.

குளித்து, பொட்டு வைத்து வந்து பாலை ஊற்றினாள். கனத்த சட்டியில் பால் இலேசில் பொங்காது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய தோளில் மெல்பேர்ன் சவர்க்கார வாசம் அடித்தது. பால் ஓரம் கட்டி, எழும்பி, சட்டென்று வழிந்தது. கிழக்குப் பக்கம்! கிழக்கே வழிந்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். எங்கள் அடுப்பு பத்து வருஷமாகக் கிழக்கே சரிந்துதான் நிற்கிறது. சாம்பார் பொங்கினாலும் அந்தப் பக்கம்தான் வழியும். அன்றைக்கு அதை நினைக்க எனக்கு விருப்பமில்லை.

அதன்பிறகு வந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை வேறு எப்படிச் சொல்வது? ஆட்டிறைச்சியைப் பட்டையும் ரம்பை இலையும் போட்டுச் சட்டியில் வைத்து மூடிவிட்டு, யசோ முன்னறையில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பாள். இரண்டு மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தால் வாசம் வாசல் படலைவரைக்கும் போகும். ஒரு தேங்காயை உடைத்தால் அன்றைக்கே முடிந்தது. டிவியைப் போட நான் மறந்தே போனேன்.

வந்து பேசுவோம் என்றவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பதில் வராத மனு நிராகரிக்கப்பட்ட மனு அல்ல. சபையில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லித் தேற்றி அனுப்பியிருக்கிறேன்!

மூன்றாவது கிழமை, வியாழக்கிழமை, ஒரு சாமான் சீட்டை நீட்டினாள். ஆட்டிறைச்சி மூன்று கிலோ, கோழி இரண்டு, பருப்பு, கடலை, பலாக்காய், தேங்காய் ஒரு டசின். கடைசியில் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டி நாற்பது.

"எதுக்கு இவ்வளவு?"

"வேணும். வாங்கிட்டு வாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பிளைட், ஞாயிற்றுக்கிழமை விருந்து. சொந்தக்காரரைக் கூப்பிட்டு, நான் வந்துவிட்டேன், இனிப் போகவில்லை என்று சொல்லப் போகிறாள். நம்மவர்கள் விருந்துக்கு வந்தால் வெறுங்கையோடு திரும்புவார்களா? ஆளுக்கொரு பெட்டி கறி கட்டிக் கொடுக்க வேண்டாமா? நாற்பது பெட்டி கூடக் காணாது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். என்னை ஆச்சரியப்படுத்தத்தான் முகத்தைத் திருப்புகிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், சபையில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பொன்னுத்துரைக்குப் போன் போட்டு, ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச் சொன்னேன். "ஓம், கட்டாயம் வாறன். தங்கச்சி இனி இஞ்சதானோ?" என்று யசோவைப் பற்றிக் கேட்டான். "இஞ்சதான்" என்று அவன் பேச்சிலேயே சொன்னேன்.

மூன்று நாளும் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை. ஒன்று வெந்து இறக்க, ஆறவைத்துக் கழுவி, அடுத்தது ஏறும். சனிக்கிழமை பின்னேரம் நான் வாழை இலைக்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கப் பெட்டிகள். யசோ ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். திங்கள் கோழி. செவ்வாய் ஆட்டிறைச்சி. வெள்ளி பருப்பு. மறுபடி திங்கள் கோழி.

"இலை எதுக்கு?" என்று கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"யாரு வர்றாங்க?"

நான் இலைக்கட்டைக் கதிரையில் வைத்தேன். வெள்ளி என்று எழுதிய பெட்டிகள் தனியாக ஒரு வரிசையில் இருந்தன. நாங்கள் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை. அதையும் அவள் மறக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

"நாப்பது பெட்டி. எல்லாத்தையும் ஃபிரீசர்ல அடுக்கி வச்சுடுறேன். காலைல ஒண்ணு எடுத்து வெளிய வச்சீங்கன்னா மத்தியானத்துக்கு..."

"அதக் கேக்கல்ல யசோ. நீ போறது எத்தனை நாளைக்கு?"

பேனாவை மூடினாள். "மூணு வருஷ விசா கெடச்சிருச்சு. அங்க இருக்கும்போதே கெடச்சிருச்சு. போன்ல சொல்ல மனசு வரல்ல. நேர்ல வந்து சொல்லணும்னு வந்தேன். வந்து பார்த்தா நீங்க இந்தச் சட்டிய வாங்கி வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நல்ல சொல் வராது. "கறிய வச்சுட்டுப் போறதுக்கு நான் என்ன பூனையா?" என்று கத்தினேன்.

அவளும் கத்தினாள். "நானும் மனுசிதானே! அந்தப் புள்ள என் சேலத் தலைப்பப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குது. கிருஷாந்தி ஏழு மணிக்கு வேலைக்குப் போனா இருட்டுனப் பொறகுதான் வர்றா. இங்க நீங்க ஒத்தையில. நான் ரெண்டு பக்கமும் வேகுறேன். வாங்க வாங்கன்னு எத்தன தடவ கூப்பிட்டேன்? நீங்க உங்கப்பாவோட சட்டத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க." பிறகு குரல் இறங்கியது. சட்டியின் பிடியில் கையை வைத்தாள். "இது இருந்ததால இவ்வளவும் செஞ்சு வைக்க முடிஞ்சுது. இல்லாட்டி உங்கள எப்பிடி விட்டுட்டுப் போயிருப்பேன்னு தெரியல்ல."

அவளை வரவழைக்க வாங்கிய சட்டி, அவள் மன ஆறுதலோடு புறப்பட்டுப் போவதற்கு வழி செய்து கொடுத்துவிட்டது. 

பொன்னுத்துரைக்குப் போன் போட்டு, யசோவுக்குத் தலையிடி என்றேன். "அதுக்கென்ன, இன்னொரு நாளைக்கு வாறன்" என்றான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் சுட்டது. ஞாயிறு மத்தியானம் இரண்டு இலை போட்டு இருவரும் சாப்பிட்டோம். மிச்ச இலைகள் மூலையில் கிடந்து காய்ந்தன.

செவ்வாய்க்கிழமை வாடகை வான் வந்தது. "போயிட்டு வர்றேன்" என்றாள். "போயிட்டு வா" என்றேன். இருவருக்கும் வேறு வார்த்தை தெரியாது. அன்று காலையும் எனக்கென்று ஒரு குழம்பு வைத்திருந்தாள். அது போக அடியில் ஒட்டியது சட்டியிலேயே இருந்தது. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது. அதனால் நான் எதையும் தொடவில்லை. அவள் குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பையும் அப்படியே மேசையில் இருந்தது. அந்த ஒரு நாள் வீடு அவள் இருந்த மாதிரியே இருந்தது.

மறுநாள் போன் வந்தது. "வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேங்க. புள்ள என்ன விட்டு எறங்கமாட்டேங்குது" என்றாள். பின்னால் யுகேஷ் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சரி, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, போய்ச் சட்டியைக் கழுவினேன். பஸ்லினா சொன்னபடி ஊறவைத்து, மெத்தென்ற ஸ்பொஞ்சால் கழுவினேன். வெளிப் பக்கத்தில், பால் வழிந்த இடத்தில், பழுப்பாக ஒரு தடம் காய்ந்து பிடித்திருந்தது. தேய்த்தால் போயிருக்கும். நான் தேய்க்கவில்லை. வழிந்த திசையை நின்று பார்த்தேன். மெல்பேர்னும் அந்தப் பக்கம்தான். பாலைக் குற்றம் சொல்ல முடியாது.

பெட்டிகளை அவள் எழுதிய ஒழுங்கிலேயே எடுத்தேன். முதல் நாள் ஆசைக்குச் சட்டியில் போட்டுச் சுடவைத்தேன். ஒரு ஆளின் கறி அந்த அகன்ற அடியில் எட்டுத் துண்டாகப் பரவி, மூடியைத் திறப்பதற்குள் கருகிவிட்டது. பிறகு நெளிந்த அலுமினியச் சட்டிக்கே திரும்பினேன். சிவப்புச் சட்டி அதன் பாட்டுக்கு எதிர்க் கதிரைக்கு நேரே மேசையில் இருந்தது. திங்கள் கோழி, செவ்வாய் ஆட்டிறைச்சி, வெள்ளி பருப்பு. கறியில் அவள் கை இருந்தது. பக்கத்தில் அவள் இல்லை. ருசியாக இருந்ததுதான் கஷ்டம். சில நாள் சாப்பிட்டுக்கொண்டே அழுதிருக்கிறேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, பத்து மணிக்கு வந்தவள், "பெட்டியெல்லாம் முடிஞ்சிருக்குமே?" என்று கேட்டாள்.

"ஒண்ணு இருக்கு. ஆட்டிறைச்சி."

"ஏன் வச்சிருக்கீங்க? எடுத்துச் சாப்பிடுங்க. நாள் போனா நல்லா இருக்காது."

ஃபிரிட்ஜைத் திறந்து அதை எடுத்துவந்து போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். செவ்வாய் என்ற எழுத்தின் மேல் பனி படிந்திருந்தது. "இருக்கட்டும்" என்றேன். "நீ வந்த பிறகு ரெண்டு பேருமாச் சாப்பிடுவோம்."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். யுகேஷ் வந்து மடியில் ஏறினான்.

"அதுல ரெண்டு பேருக்கு இல்லிங்க" என்றாள். "ஒரு ஆளுக்குத்தான் அளந்து போட்டேன்."

கையில் பெட்டி சில்லிட்டது. நான் எழும்பிப் போய் அதைத் திரும்ப உள்ளே வைத்து, ஃபிரிட்ஜை மூடினேன்.